மட்டப்பலகை

சேற்று உழவு முடிந்த மறுநாள் விடிய ஐயா மட்டப்பலகையை மாட்டுக்கொட்டிலின் வளையிலிருந்து இறக்குவார். ஏழடி நீளம், ஓரடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், முதிரை மரம். அவரே செய்தது. மேற்பக்கத்தில் வாச்சி கொத்திய தழும்புகளை அப்படியே விட்டிருந்தார், கால் வழுக்காமல் நிற்க வேண்டுமென்று. அடிப்பக்கத்தைத் தடவினால் உள்ளங்கையில் ஒன்றும் தட்டுப்படாது. முன் விளிம்பை மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு மேல்நோக்கிச் சரித்துச் சீவியிருந்தார். போகம் முடிந்ததும் கழுவிக் காயவைத்து, இலுப்பெண்ணெய் பூசி, திரும்பவும் வளையில் ஏற்றிவிடுவார். அந்த எண்ணெய் மணம் மாட்டு மணத்தோடு கலந்து கொட்டிலுக்குள் நெடுநாள் நிற்கும்.

ஏழெட்டு வயதில் எனக்கு அந்தப் பலகையில் ஏற அனுமதி கிடைத்தது. பாரத்துக்காகத்தான் ஏற்றினார். இரண்டு எருமைக் கடாக்கள் இழுக்கும். ஐயா ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக வைத்து நிற்பார். நான் அவருக்குப் பின்னால், அவர் இடுப்பில் கட்டியிருந்த சால்வையைப் பிடித்தபடி. பலகை புறப்படும்போது ஒரு வெட்டு வெட்டும். அதோடு நான் சேற்றில் கிடப்பேன்.

“முழங்காலை இளக்கு தம்பி. விறைச்சு நிண்டால் பலகை உன்னை உதறும்.”

இளக்கிப் பார்த்தேன். நாலாம் சுற்றில் விழாமல் நின்றேன். சேற்றுக்கு மேல் அரை விரல் தண்ணீர் நிற்கும். பலகை அதன் மேல் சத்தமே இல்லாமல் போகும். புரண்ட சேற்றில் புழு பொறுக்கக் கொக்குகள் எங்களுக்குப் பின்னால் நடந்து வரும்.

எங்கள் ஊர் ஓமந்தைக்கு வடக்கே, கண்டி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு குளத்தடி. வவுனியாப் பக்கத்தில் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனால் குளங்களை எண்ணுவது போலிருக்கும்: பண்டாரிகுளம், கோவில்குளம், தாண்டிக்குளம், மகாறம்பைக்குளம், ஈரப்பெரியகுளம். காலபோகத்துக்குப் புழுதியில் விதைத்துவிட்டு மாரியைப் பார்த்திருப்போம். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் மிஞ்சியிருக்க வேண்டும். இந்த வருஷம் இத்தனை ஏக்கர்தான் என்று எல்லாரும் கூடிப் பேசித் தீர்மானிக்கவும் வேண்டும். அது சேற்றில் முளைநெல் எறிகிற விதைப்பு. வயலில் ஒரு மூலை இரண்டு அங்குலம் பள்ளமாக இருந்தால் அங்கே தண்ணீர் கட்டி முளை அழுகும். மேடாக இருந்தால் காய்ந்து புல் ஏறும். அதனால் போகமே மட்டம் அடிப்பதில் நின்றது. ஐயா தண்ணீரைக் கட்டிவிட்டு வரம்பில் குந்தியிருந்து பார்ப்பார். எங்கே மண்ணின் முதுகு தெரிகிறதோ அங்கே பலகையின் பின் விளிம்பில் குதியை அழுத்திச் சேற்றை வழித்துக்கொண்டு போவார். பள்ளம் வந்ததும் பாரத்தை முன்காலுக்கு மாற்றிக் கொட்டுவார். வரம்பில் நின்று பார்ப்பவருக்கு ஒரு மனிதர் பலகையில் சும்மா நின்று சவாரி போகிறார் என்றுதான் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது எப்படி என்று அவரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. வீட்டில் இருக்கும் அறிவைக் கேட்டுப் படிக்க வேண்டும் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்?

1986 ஆகஸ்டில், என் பத்தொன்பதாவது வயதில், நோர்வேக்குப் போனேன். ஏன் போனேன் என்பதை 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இளைஞனாக இருந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு முன்னே பாதை போட்டவர்கள் இருந்தார்கள். குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனவர். பிறகு அங்கே திரட்டிய உதவியோடு சீநோர் நிறுவனத்தை உருவாக்கி, காரைநகரில் படகு கட்டும் தொழிலுக்கு வழி செய்தார். அவருக்குப் பின் போன இளைஞர்கள் பலருக்கு அந்த நாட்டின் வாசல், தங்கிப் படிக்கிற ஒருவகை நாட்டுப்புறப் பள்ளிகள்தான். 1864இல் ஹாமர் நகரில் தொடங்கிய மரபு. பரீட்சையும் புள்ளியும் கிடையாது. ஒரு வருஷம் இருந்து மொழி, பாட்டு, கைவேலை படிக்கலாம். எனக்கு இடம் கிடைத்த பள்ளி டெலெமார்க் பகுதியில், மலைக்கும் ஏரிக்கும் இடையில் இருந்தது. மொழி தெரியாதவனுக்கு வாயைவிடக் கை உதவும் என்று எண்ணி மரவேலை வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

ஒக்டோபர் கடைசியில் ஆசிரியர் எங்களை முற்றத்துக்குக் கூட்டிப்போனார். அறுபது வயதிருக்கும்; அதிகம் பேசமாட்டார். ஒரு பேர்ச் மரக் குற்றியைப் படுக்க வைத்து, தலைப்பக்கத்தில் இரும்பு ஆப்பை வைத்து அடித்தார். வெடிப்பு ஓடியது. அதைப் பின்தொடர்ந்து மர ஆப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார். குற்றி இரண்டாகப் பிரிந்து விழுந்ததும் ஒரு பாதியைக் காட்டி, “ஷீ” என்றார். நாங்கள் ஆங்கிலத்தைப் பார்த்து ஸ்கீ என்று எழுதுவதை அவர்கள் ஷீ என்றுதான் உச்சரிப்பார்கள். பழைய நோர்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பிளந்த மரத்துண்டு என்றே பொருள் என்பதைப் பிறகு படித்தேன். அன்றைக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. அந்த நாட்டில் கண்ணால் பார்த்து விளங்கிக்கொண்ட முதற்சொல் அது.

வாளால் அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். வாள் தன் வழியில் போகும். நாரை எங்கே வேண்டுமானாலும் குறுக்கே வெட்டும். ஆப்பு மரத்தின் நார் போகிற வழியில்தான் போகும். பிளந்த துண்டில் நார் தலையிலிருந்து கால்வரை அறுபடாமல் ஓடுவதால் அது வளைந்து கொடுக்கும், முறியாது. ஆனால் பச்சைத் துண்டு காய ஒரு வருஷத்துக்கு மேல் வேண்டும். நாங்கள் பிளந்தவை அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு. எங்களுக்கு முந்தின வருஷத்துப் பிள்ளைகள் பிளந்துவைத்துப் போனவை கிடைத்தன. முகம் தெரியாத யாரோ எனக்காக ஆப்பு அடித்திருக்கிறார் என்பது அந்தத் தனிமையில் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அளவு எடுக்க நாடா இல்லை. நிமிர்ந்து நின்று கையை மேலே தூக்கு; மணிக்கட்டு எட்டுகிற உயரம்தான் உன் பலகையின் நீளம். கோடரியால் உருவைக் கொத்தி எடுத்து, சீவுளி போட்டோம். நடுவில், கால் நிற்கும் இடத்தில், கனம் கூட. இரு முனைக்கும் போகப் போக மெலிய வேண்டும். பக்கவாட்டில் நடு இடுப்புபோல் சற்று ஒடுங்கியிருக்க வேண்டும். இந்த இடுப்பின் கதையைச் சொல்லும்போது மட்டும் ஆசிரியர் வாய் திறந்தார். எங்கள் பள்ளி இருந்த அதே டெலெமார்க்கில் மோர்கெடால் என்றொரு ஊர். அங்கே 1825இல் பிறந்த சோன்ரே நூர்ஹைம் என்ற ஏழைக் குடியானவர், பலகைக்கு இடுப்பு வைத்து, முறுக்கிய வில்லோக் கொடியால் குதியையும் சேர்த்துக் கட்டி, மலைச்சரிவில் திரும்பவும் பாயவும் வழி கண்டார். 1868இல் அவர் தலைநகருக்குப் போய்த் தன் ஓட்டத்தைக் காட்டினார். 1952இல் ஒஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது சுடர் ஏற்றப்பட்டது அவர் பிறந்த குடிசையின் அடுப்பிலிருந்துதான். இதையெல்லாம் சொல்லிவிட்டு ஆசிரியர் சொன்ன கடைசிச் செய்தியே எனக்குள் தங்கியது: 1884இல் நூர்ஹைம் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார், 1897இல் டக்கோட்டாவில் இறந்தார். டக்கோட்டா எங்கள் வன்னியைப்போல் சமதரை.

முனையை வளைப்பதில்தான் எனக்கு அடி விழுந்தது. நீண்ட தகரத் தொட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து முனையை அவிப்போம். பிறகு வளைவான அச்சுக்கட்டையில் வைத்துக் கட்டுவோம். நான் அவசரப்பட்டேன். முனை பாதி வளைந்ததும் ஒரு சத்தம். நார் கிளம்பி நின்றது. மூன்று கிழமை வேலை. ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு துண்டை எடுத்துக் கையில் தந்தார்.

அன்றிரவு ஐயாவுக்குக் கடிதம் எழுதினேன். அதுவரை எழுதிய கடிதங்களில் நலம், நலமறிய ஆவல், காசு இப்போதைக்கு அனுப்ப முடியவில்லை என்பவற்றைத் தவிர அதிகம் இருந்திருக்காது. இந்த முறை பலகையைப் பற்றி எழுதினேன். இங்கே பனி முழங்கால் உயரம் கிடக்கிறது, அதன்மேல் போக இரண்டு பலகை செய்கிறோம், முனை வெடித்துவிட்டது என்று, படமும் கீறி.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஐயா பென்சிலால், எழுத்துக் கூட்டி, விமானக் கடதாசியின் மூன்று பக்கமும் நிறைய எழுதியிருந்தார். அவரிடமிருந்து அவ்வளவு நீளமான கடிதம் அதற்கு முன் வந்ததில்லை. பனி என்றால் மார்கழிப் பனிதானே, அது எப்படி முழங்கால் உயரம் கிடக்கும் என்று கேட்டிருந்தார். மாடு இல்லாமல் பலகையை என்ன இழுக்கிறது என்று கேட்டிருந்தார். பிறகு விஷயத்துக்கு வந்துவிட்டார். ‘மூக்கு எத்தனை விரல் தூக்கி இருக்குது? நெருப்பிலை வாட்டினனியோ, தண்ணியிலை அவிச்சனியோ? கூடார வண்டிலுக்கு வளையம் வளைக்கிறதெண்டால் பச்சைக் கம்பைச் சாம்பல் சூட்டிலை கிடத்தி, ஆறுதலாத்தான் வளைக்கிறது. ஒரே மூச்சிலை வளைக்கப்பிடாது. கொஞ்சம் வளை, விடு, திரும்ப வளை. மரம் பழகவேணும்.’

நான் அதை வாசித்தபோது இரண்டாவது முனை ஏற்கெனவே அச்சில் இருந்தது. ஆசிரியர் என் கையைப் பிடித்துக் காட்டிய முறையும் அதுவேதான். கொஞ்சம், விடு, திரும்பக் கொஞ்சம்.

அன்றிலிருந்து அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்குள் கடிதம் போய்வந்தது. பனியை நான் விளக்கினேன்: வவுனியா ரவுனில் மரத்தூளுக்குள் புதைத்து வைப்பார்களே ஐஸ் கட்டி, அதை மாவாக இடித்து வானத்திலிருந்து கொட்டினால் எப்படி, அப்படி. இழுப்பது சரிவு என்றேன். இங்கே தரை எல்லாமே குளக்கட்டு மாதிரி, ஆனால் நூறு மடங்கு உயரம். பலகை ஏன் வழுக்குகிறது என்பதற்கு வகுப்பில் கேட்டதை எழுதினேன்: உரசலின் சூட்டில் பலகைக்கு அடியில் பனி உருகி மயிரிழைத் தண்ணீர் உண்டாகிறது, பலகை அதன்மேல்தான் போகிறது, குளிர் மிகவும் கூடினால் தண்ணீர் உண்டாகாது, மணலில் இழுப்பதுபோல் பிடிக்கும். ஐயாவின் பதில்: ‘சேறும் அப்பிடித்தான். மேலை தண்ணி நிண்டால் ஓடும், வத்தினால் பிடிக்கும். தண்ணி கூடினால் பலகை மிதக்கும், மட்டம் வராது.’

நடுவில் வைக்கிற வளைவுதான் அவரைக் கனநாள் யோசிக்க வைத்தது. முனை வளைந்து காய்ந்த பின் இரண்டு பலகைகளையும் அடியோடு அடி சேர்த்து, இரு முனைகளையும் கட்டி, நடுவில் ஒரு கட்டையைச் செருகிக் கிழமைக்கணக்கில் விடுவார்கள். தரையில் வைத்தால் நடு எழும்பி நிற்கும். மட்டப்பலகையில் அப்படி ஒன்று இல்லை. ஏன் தூக்குகிறார்கள் என்று ஒரு கடிதத்தில் கேட்டார். என் பதில் போய்ச் சேருமுன் அடுத்த கடிதம் வந்தது. ‘விளங்கீட்டுது. நீ நிக்கிறது நடுவிலை. உன்ரை பாரத்திலை நடு இறங்கித் தரைக்கு வரும். தூக்காட்டில் நடு தாழ்ந்து, தலையும் காலும் கிளம்பீடும்.’ அவர் பனியைக் கண்ணால் கண்டதில்லை. அந்தக் கடிதத்தை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

அடிப்பக்கத்தில் நீள ஒரு பள்ளக் கோடு இழுத்தோம், நேரே போக. கடைசி வேலை தார். பைன் மரத்தின் வேர்க்கட்டைகளைக் காற்றுப்படாமல் மூடி எரித்து வடிப்பது. அதைப் பலகையின் அடியில் பூசி, நெருப்புக் காட்டி, கொதித்து நுரைக்க நுரைக்க மரத்துக்குள் இறக்கி, துணியால் துடைக்க வேண்டும். இரண்டு மூன்று தரம். தண்ணீர் மரத்துக்குள் ஏறாது. எரிந்த புகையும் எண்ணெயும் கலந்த மணம். மணம் வேறுதான், ஆனால் அந்த அறைக்குள் நின்றபோது எனக்கு எங்கள் மாட்டுக்கொட்டில் வந்தது. வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

காலைப் பூட்டும் இரும்புப் பிடியை மட்டும் கடையில் வாங்கினோம். 1927இல் புரூர் வித் என்ற நோர்வேக்காரர் கண்டுபிடித்தது; சப்பாத்தின் முன்நுனியை மட்டும் கவ்வும், குதி எழும்பலாம். எலிப்பொறி என்ற பொருளில் அதற்கு ரொட்டெபெல்லா என்று பெயர்.

மாசியில் ஒரு ஞாயிறு. ஏரிக்கரைச் சரிவில் நின்றேன். மற்றப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியபோதே இதில் ஏறியவர்கள். முதல் ஓட்டத்தில் விழுந்தேன், இரண்டாவதிலும். ஆசிரியர் கீழே இருந்து தன் முழங்காலைத் தட்டிக் காட்டி ஏதோ கத்தினார். சொல் விளங்கவில்லை. ஆனால் எனக்கு அந்த வசனம் தெரியும். இளக்கினேன். இரண்டு பலகையும் காலடியில் மெதுவாகத் தணிந்தன. கீழேவரை போனேன், திரும்பிப் பார்த்தபோது பனியில் இரண்டு கோடு கிடந்தது. பின்னால் கொக்கு இல்லை.

2021இல் நோர்வே முழுக்க ஒரு செய்தி ஓடியது. டிகெர்வார்டன் என்ற மலையில் உருகும் பனிப்படுக்கையின் ஓரத்தில் 2014இல் ஒற்றைப் பலகை ஒன்று கிடைத்திருந்தது. ஏழு வருஷம் கழித்து அதன் சோடி அதே இடத்தருகே வெளிவந்தது. ஏறத்தாழ 1300 வருஷப் பழசு. இரண்டாவது 187 சென்ரிமீற்றர் நீளம், 17 சென்ரிமீற்றர் அகலம். முறுக்கிய பேர்ச்சுக் கொடியும் தோல்வாரும் கால்கட்டாக அப்படியே இருந்தன. இரண்டும் அச்சு ஒன்றில் வார்த்தவைபோல் இல்லை, அளவில் வித்தியாசம். தேய்ந்து, பழுதுபார்த்து, மீண்டும் பாவித்தவை. ஒஸ்லோவில் என் வீட்டு மேசையில் இருந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபடி இருந்தேன். பழுதுபார்த்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஐயாவாக இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார்.

அவர் 1999இல் இறந்தார். 1997 மே 13இல் ஜயசிக்குறு படை நடவடிக்கை வவுனியாவிலிருந்து தொடங்கியபோது எங்கள் ஊர் முழுவதும் எழும்பியது. ஐயாவும் அம்மாவும் கடைசியில் வவுனியாவில் உறவினர் வீட்டுக் கோடியில் ஒரு கொட்டில் போட்டு இருந்தார்கள். வயல் இல்லாத ஐயாவை நான் பார்க்கவில்லை. செத்தவீட்டுக்கு வரவும் முடியவில்லை. பாதை, காசு, கடதாசி எல்லாமே தடையாக இருந்த காலம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அடுத்த வருஷம் ஈஸ்டர் விடுமுறைக்கு, நோர்வே முழுக்கப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிற கிழமையில், நான் பதினாறு வருஷத்துக்குப் பிறகு வவுனியாவில் இறங்கினேன். ரவுனில் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வாகனங்கள் ஓடின. ஒருவர் நோர்வே மொழியில் ரெலிபோனில் பேசிக்கொண்டு என்னைக் கடந்து போனார். ஓமந்தையைத் தாண்டி எங்கள் ஊருக்குத் திரும்பும் ஒழுங்கைவரை போக முடிந்தது. அதற்கப்பால் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை. மிதிவெடி. குளக்கட்டின் மருதமரங்கள் தூரத்தில் தெரிந்தன.

அம்மாவிடம் மட்டப்பலகை எங்கே என்று கேட்டேன். அவ கொஞ்சம் யோசித்தா.

“பங்கருக்கு மேலைதான் போட்டது. பலமான பலகை வேறை இருக்கேல்லை. அதுக்கு மேலை மண்மூட்டை. ஓடேக்கை அதை ஆர் பார்த்தது?”

இரண்டு நாள் கழித்து பாவற்குளத்தின் கீழ் சித்தப்பாவின் காணிக்குப் போனேன். சிறுபோகம். சித்தப்பாவின் மகன், என் தம்பி முறை, லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பின்னால் பலகையைப் பூட்டி மட்டம் அடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய பத்து வயது மகன் பலகையில் பாரமாகக் குந்தியிருந்தான். பலகை புதிது, ஆலையில் அறுத்தது. நான் வரம்பில் நின்று பார்த்தேன். நாலு பாகம் போவதற்குள் பலகைக்கு முன்னால் சேறு குவிந்து, மெசின் முக்கி, நின்றது. தம்பி இறங்கிக் கையால் சேற்றை வழித்துவிட்டு ஓட்டினான். திரும்பவும் நின்றது.

“மூக்குக் குத்துது” என்றேன்.

“என்னண்ணை?”

“முன் விளிம்பு நேரா நிக்குது. அதுதான் சேத்தை அள்ளுது. வாச்சி இருக்கோ?”

வாச்சி இருந்தது, சித்தப்பாவின் பழைய வாச்சி. பலகையைக் கழற்றி வரம்பில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்தேன். பொடியன் பக்கத்தில் வந்து குந்தினான்.

“எவ்வளவு சீவ வேணும் பெரியப்பா?”

விளிம்பில் மூன்று விரலை வைத்தேன். என் விரல்கள் ஐயாவின் விரல்களைவிட மெலிந்தவை. நாலாவதையும் சேர்த்து வைத்துக் கோடு கீறினேன்.